முட்டுக்காட்டில் நின்ற படகு

சென்னைப் பட்டணத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே இப்போதிருக்கும் கடற்கரைச் சாலை ஏற்படுவதற்கு வெகு காலம் முன்னால், சொந்த மோட்டார் இல்லாத சாமானிய ஜனங்கள் அந்த ஸ்தலத்தைப் பார்க்க விரும்பினால், ஒன்று செங்கற்பட்டு வரையில் ரயிலில் சென்று அங்கிருந்து திருக்கழுக்குன்றம் மார்க்கமாகப் பஸ் பிடிக்க வேண்டும். அல்லது அடையாற்றங்கரையில் படகேறி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே இரவெல்லாம் மிதந்து சென்று, மறுநாள் காலையில் பல்லவர்களுடைய பட்டினத்துக்குப் பின்புறமாகப் போய் இறங்க வேண்டும். முதல் வழி சீக்கிரமானது என்றாலும், இரண்டாவது வழியில் ஒரு முறையாவது போகவேண்டும் என்ற ஆசை அந்தக் காலத்தில் கொஞ்சம் படித்தவர்கள், கொஞ்சம் ரசனையுள்ளவர்கள் எல்லாரிடத்திலும் இருந்தது. பாவேந்தர் பாரதிதாசன் இந்தக் கால்வாய்ப் பிரயாணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்ற தலைப்பில் கவிதையாகவே பாடியிருக்கிறார்.

கால்வாயும் அப்படிப்பட்ட பெருமைக்கு உரியதுதான். 1806-ஆம் வருஷத்தில் பேசில் காக்ரேன் என்பவர் பட்டணத்திலிருந்து வடக்கே எண்ணூர் வரையில் முதன்முதலாக வெட்டுவித்து, 1837-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு, பிறகு ஆண்டுக்கணக்காக இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டே போனதில், வடக்கே ஆந்திர தேசத்துப் பெத்த கஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரையில் சுமார் 420 கிலோமீட்டர் தூரத்துக்கு, கடலைவிட்டு அதிகம் விலகாமல், உப்பங்கழிகளையும் ஆற்று முகத்துவாரங்களையும் ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டு ஓடியது அந்த நீர்வழி. பட்டணத்து வீடுகளின் அடுப்பெரித்த சவுக்குக் கட்டை அதில்தான் வந்தது. ஊறுகாய்ப் பானைக்கான உப்பு அதில்தான் வந்தது. சுவருக்குப் பூசிய சுண்ணாம்புக்கு வேண்டிய கிளிஞ்சலும் அதில்தான் வந்தது. நான் சொல்லப்போகும் பிரயாணம் நடந்த 1950-களின் தொடக்கத்தில், கால்வாய் அந்தப் பழைய சுறுசுறுப்பில் பாதியை இழந்திருந்தபோதிலும், இன்னும் உயிருடன்தான் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் அந்த ஆசையைக் கிளப்பியது கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. 1944-ஆம் வருஷம் தொடங்கிப் பத்திரிகையில் அது வாரந்தோறும் வெளிவந்த காலத்தில், என் பெரியப்பாவின் மயிலாப்பூர் வீட்டில் அதை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பது வழக்கமாக இருந்தது. ஆயனச் சிற்பியின் உளிச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு வளர்ந்த நாங்கள், அந்தப் பாறைகளை நிலா வெளிச்சத்திலும் உதய சூரியனின் ஒளியிலும் பார்க்காமல் ஜன்மம் கடைத்தேறாது என்று நம்பியதில் ஆச்சரியம் இல்லை. பெரியப்பாவோ அரசாங்கத்தில் ஓவர்சியராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பாலம், மதகு, கரை, கலிங்கு என்றால் அவருக்குத் தனிப் பிரேமை. ஆகவே, சிற்பத்தை முன்னிட்டு நாங்களும், கால்வாயை முன்னிட்டு அவரும், ஒரே பிரயாணத்துக்கு மனப்பூர்வமாகச் சம்மதித்தோம்.

மயிலையில் பங்குனி உற்சவம் முடிந்து, பௌர்ணமிக்கு மறுநாள் என்று தேதி குறிக்கப்பட்டது. பெரியப்பா ஒரு காகிதத்தில் கால நிர்ணயத்தை எழுதி வைத்திருந்தார். மாலையில் அடையாற்றில் படகேறுவது. காலையில் மாமல்லபுரத்தில் இறங்கி, கடலில் ஸ்நானம் செய்துவிட்டு, கோயிலையும் ரதங்களையும் அர்ஜுனன் தபசையும் பார்ப்பது. உடனே பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றத்து மலைமேல் உச்சிவேளையில் கழுகுக்கு அன்னமிடும் காட்சியைத் தரிசிப்பது. அப்படியே செங்கற்பட்டு போய் ரயிலேறி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது. அந்தக் காகிதத்தில் கண்டவற்றுள் நடந்தது முதலாவது மட்டும்தான்.

அடையாற்றின் தென்பக்கத்தில் கால்வாய் பிரியும் இடத்தில் எங்களுக்காகக் காத்திருந்த படகு, சாதாரணமாக விறகு ஏற்றுகிற தட்டை அடிப் படகுதான். அதைக் கழுவித் துடைத்து, நடுவில் மூங்கில் வளைத்துப் பாயால் கூண்டு கட்டி, கீழே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். படகின் தண்டல் அறுபது வயதைத் தாண்டியவர், கறுத்து மெலிந்த தேகம், வார்த்தை குறைவு. அவரைத் தவிர, கழி ஊன்றித் தள்ள ஒருவரும், கரைமேல் நடந்து கயிறிழுக்க இரண்டு வாலிபர்களும் இருந்தார்கள். பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய இரண்டு பெண்கள், நான், என் கல்லூரி நண்பன் ஒருவன் என்று நாங்கள் ஏறிக்கொண்டோம். எங்களோடு புளியோதரைச் சம்புடமும், தயிர்சாதப் பாத்திரமும், மாவடு ஜாடியும், இரண்டு பெரிய கூஜாக்களில் குடிநீரும் ஏறின.

நதியை விட்டுக் கால்வாய்க்குள் படகு நுழைந்ததும் பட்டணம் பின்னால் போய்விட்டது. இன்று அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது நம்பும்படியாக இராது. திருவான்மியூரைக் கடந்ததும் ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மணல்மேடும், மற்றொரு பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்லும் நீருமான சதுப்பு நிலமும் தவிர வேறு எதுவும் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பின் வெள்ளம் ஒக்கியம் மடுவின் வழியாக வந்து கால்வாயில் சேரும் இடத்துக்குச் சமீபமாக நாங்கள் போய்க்கொண்டிருந்தபோது, கிழக்கே சவுக்குத் தோப்புகளுக்குமேல் சந்திரன் கிளம்பி வந்தான். காற்று அசையவில்லை, ஆகையால் பாய் விரிக்க வழியில்லாமல், கயிற்றின் பலத்தில்தான் படகு போயிற்று. பாய்மரத்தின் பாதி உயரத்தில் கட்டிய அந்த நீண்ட கயிற்றின் மறுமுனையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னுமாக இரண்டு வாலிபர்களும் உடம்பை முன்னால் சாய்த்துக் கரைமேல் நடந்தார்கள். அவர்களுடைய பாதம் மண்ணில் அழுந்தும் சத்தமும், படகின் மூக்கில் நீர் பிளக்கும் சத்தமும் தவிர வெகு நேரத்துக்கு வேறு சத்தம் கேட்கவில்லை.

என் பெரியப்பா பெண்கள் இருவரும் நன்றாகப் பாடுவார்கள். அன்றிரவு பாடினார்கள். புளியோதரை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. கயிறிழுப்பவர்களுக்கும் பெரியம்மா மந்தார இலையில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். அவர்கள் கயிற்றைத் தோளிலிருந்து இறக்காமல், நடந்துகொண்டே சாப்பிட்டார்கள். படகு ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி அதை நகர்த்துவது வெகு சிரமம் என்று தண்டல் சொன்னார். எங்கள் உல்லாசத்துக்கு ஆதாரமாக இருந்தது எது என்று நான் அந்த நிமிஷத்தில்தான் கவனித்தேன்; கவனித்தபின் ஜமக்காளத்தில் சௌகரியமாகச் சாய்ந்திருக்க முடியவில்லை. நானும் என் நண்பனும் இறங்கிக் கொஞ்ச தூரம் கயிறு பிடித்தோம். நாங்கள் பிடித்ததனால் அவர்களுடைய பாரம் எள்ளளவும் குறைந்திருக்காது. ஆனாலும் அந்தக் கயிறு தோளில் எந்த இடத்தில் அறுக்கிறது என்பதை அறிந்துகொண்டேன்.

எல்லாரும் உறங்கிப்போன பிறகு, நள்ளிரவுக்குமேல் எந்த நேரமோ தெரியாது, படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. விழித்துப் பார்த்தால், கால்வாயின் இரு கரைகளையும் காணோம். எங்கும் விசாலமான நீர்ப்பரப்பு. அதன்மேல் முழு நிலா. தூரத்தில் கடலின் ஓசை. முட்டுக்காட்டு உப்பங்கழிக்கு வந்திருந்தோம். கோவளத்துக்குச் சற்று வடக்கே கடலோடு கலக்கும் அந்தக் கழியைக் குறுக்கே கடந்துதான் கால்வாய் தெற்கே செல்ல வேண்டும். தண்டல் இடுப்பளவு நீரில் இருப்பார் என்று எண்ணி எட்டிப் பார்த்தேன். அவர் முழங்காலளவு நீரில் நின்றுகொண்டு, கழியால் சுற்றிலும் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணல் தட்டிப்போச்சுங்க ஐயா,” என்றார் பெரியப்பாவிடம். “கடல் வாய் மூடிக்கிட்டு வருது. போன அமாவாசைக்கு விறகு ஏத்திக்கிட்டு இந்த எடத்துலதான் போனேன். ஆள் முங்கும் தண்ணி. இப்போ வத்தம் வேற. தண்ணி ஏறினாத்தான் படகு அசையும்.”

பௌர்ணமியை அடுத்த நாட்களில் ஓதம் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். அத்துடன், பங்குனி மாதத்தில் தென்காற்று தொடங்கியதும் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டுவந்து கழியின் வாயில் குவித்துவிடுகிறது. மழைக் காலத்தில் உள்நாட்டு வெள்ளம் வந்து அந்த மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும் வரையில் வாய் குறுகியே கிடக்கும். வாய் குறுகினால், கடலில் ஓதம் எவ்வளவுதான் ஏறினாலும் கழிக்குள் வருகிற நீர் கொஞ்சம்தான். இதையெல்லாம் பெரியப்பா எனக்கு நீரில் விரலால் கோடிழுத்து விளக்கினார். முன்னெல்லாம் இம்மாதிரி இடங்களில் வருஷந்தோறும் மணல் வாரிக் கால்வாய்த் தடத்தை ஆழப்படுத்துவார்கள் என்றும், இந்தத் தடத்தில் அண்மையில் மண்வெட்டி பட்ட அடையாளமே இல்லை என்றும் சொன்னபோது, அவருடைய குரலில் இருந்தது கோபமல்ல, துக்கம்.

செய்வதற்கு ஒன்றும் இல்லாததனால் சம்பாஷணை தொடங்கியது. கயிறிழுத்த வாலிபர்கள் படகின் விளிம்பில் படுத்து அயர்ந்துவிட்டார்கள். தண்டல் சுக்கானுக்கு அருகில் குந்தியிருந்தார். அவருடைய குடும்பம் எத்தனை காலமாக இந்தத் தொழில் செய்கிறது என்று பெரியப்பா கேட்டார். “எங்க பாட்டன் காலத்துலேருந்துங்க. தாது வருசத்துல ஊரைவிட்டு வந்தவரு. கூவத்துக்கும் அடையாத்துக்கும் நடுவால கால்வா வெட்டினாங்களே, அதுல மண் சொமந்தாரு. வெட்டி முடிஞ்சதும் திரும்பிப் போக ஊர் இல்லை. அந்தத் தண்ணியிலேயே படகுக்கு வந்துட்டாரு,” என்றார் அவர்.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தாது வருஷப் பஞ்சம் என்ற பெயரைப் பாட்டிமார் வாயில் கேட்டிருக்கிறேனேயன்றி, அதைப்பற்றி விவரமாகக் கேட்டது அன்றிரவுதான். 1876-இல் மழை பொய்த்து, தாது வருஷத்தில் தொடங்கிய க்ஷாமம் அடுத்த ஈசுவர வருஷத்திலும் நீடித்துத் தென்னிந்தியாவைச் சுடுகாடாக்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. அன்னமின்றி வந்து குவிந்த ஜனங்களுக்கு வேலை கொடுத்துக் கூலி கொடுப்பது என்று ஏற்பாடாகி, பட்டணத்துக்குள் கூவம் நதியையும் அடையாற்றையும் இணைக்கும் 5 மைல் நீளக் கால்வாயை 1877–78-இல் அவர்களைக் கொண்டு வெட்டினார்கள். அந்தக் கூலியைப்பற்றிச் சொல்லும்போதுதான் பெரியப்பாவின் நிதானமான பேச்சு தடுமாறியது. வைசிராய் அனுப்பிவைத்த சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்கும் பொருட்டு, மண் வெட்டும் ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. உழைக்கிறவன் உடம்பு இதில் தரிக்காது என்று சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடியும், சில மாத காலம் அந்த அளவே அமலில் இருந்தது. பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்குமேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். கால்வாய் முழுவதற்கும் கவர்னருடைய பெயர் சூட்டப்பட்டது.

“பாட்டன் ஏதாவது சொல்லியிருக்கிறாரா, பெரியவரே?” என்று பெரியப்பா கேட்டார்.

தண்டல் கொஞ்ச நேரம் பேசவில்லை. “கூடை தூக்கறவங்க கூடையோட விழுவாங்களாம். அடுத்த ஆளு அந்தக் கூடையை எடுத்துக்குவானாம். அதுக்குமேல சொல்லமாட்டாருங்க,” என்றார்.

சிற்பியின் பெயரை அறிய வேண்டும், எந்த அரசன் காலத்தில் எந்த மண்டபம் குடையப்பட்டது என்பதை நேரில் பார்த்துத் தெளிய வேண்டும் என்ற ஆவலுடன் புறப்பட்டிருந்த நான், அந்த ஆவலைக் கைவிடவில்லை. இன்றும் அதைப் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் நான் படுத்திருந்த படகுக்கு வழி செய்தவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை என்ற விஷயம் அன்றிரவு மனத்தில் புகுந்து, பிறகு அங்கிருந்து வெளியேறவே இல்லை.

விடிந்தது. பூநாரைகள் கூட்டமாக ஆழமில்லாத நீரில் நின்று தலையைக் கவிழ்த்து இரை தேடின. நாங்கள் உதய சூரியனைக் கடற்கோயிலில் பார்ப்பதற்குப் பதிலாக இங்கே பார்த்தோம். அதிலும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மணல்திட்டுக்கு அந்தப் பக்கம், தெற்கேயிருந்து வந்த விறகுப் படகுகள் எங்களைப்போலவே தட்டி நின்று கொண்டிருந்தன. நீர் ஏறும் வேளை வந்தது. பெரியம்மாவைத் தவிர நாங்கள் எல்லாரும் இறங்கினோம். பாத்திரங்களையும் ஜமக்காளத்தையும் திட்டின்மேல் கொண்டு வைத்தோம். தண்டல் குரல் கொடுக்க, தோள் கொடுத்துத் தள்ளினோம். ஒரு முழம் நகர்ந்தது; மறு முழத்தில் அழுந்தியது. ஓதம் முட்டிக்குமேல் ஏறாமலே இறங்கத் தொடங்கியதும், இனி மறு ஓதத்துக்குத்தான் என்று தண்டல் கையை விட்டார்.

பிறகு வெயில். பங்குனி வெயிலை உப்பங்கழியில் அனுபவித்தால்தான் தெரியும். மேலேயிருந்து ஒரு சூரியனும் நீரிலிருந்து ஒரு சூரியனுமாக இரட்டை உஷ்ணம். தயிர்சாதம் புளித்தது. கூஜாத் தண்ணீர் பத்து மணிக்குள் தீர்ந்துபோயிற்று. சுற்றிலும் நீர் இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாத நிலைமை. பெரியப்பாவின் இளைய பெண்ணுக்குத் தலைசுற்றல் எடுத்தது. அவளைக் கூண்டுக்குள் படுக்க வைத்து, ஈரத் துணியை நெற்றியில் போட்டுவிட்டு, தண்ணீர் தேடி நானும் என் நண்பனும் தண்டலின் ஆள் ஒருவருடன் மேற்கே நடந்தோம்.

கேளம்பாக்கத்து உப்பளங்கள் அந்தத் திசையில் பரந்து கிடக்கின்றன. பாத்தி பாத்தியாகக் கட்டி, கழி நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு விட்டு, வெயிலில் அது சுண்டச் சுண்டக் கடைசிப் பாத்தியில் வெள்ளையாகப் பூத்துவரும் உப்பைப் பலகையால் வரப்புக்கு இழுத்துக் குவிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்களைப் படகில் படுக்கவொட்டாமல் அடித்த அதே வெயில்தான் அந்தத் தொழிலுக்கு முதல். ஆண்கள் இழுக்க, பெண்கள் கூடையில் வாரித் தலைமேல் வைத்து மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். உப்பு நீரிலேயே நின்று நின்று அவர்களுடைய பாதங்களில் வெடிப்பு விழுந்து, அதற்குமேல் உப்பு பூத்திருந்தது. கண்ணைக் கூசச் செய்யும் அந்த வெண்மையில் அவர்கள் நெற்றிக்குமேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலை செய்தார்கள்.

குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டதும், நடுத்தர வயதுள்ள ஒரு பெண்மணி கூடையை இறக்கினாள். அளத்துப் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் உவர்தான். அவர்களுக்கு வேண்டிய நீரை, கடற்கரைப் பக்கத்து மணல்மேட்டில் ஊற்றுக் குழி பறித்து, அதில் கசியும் நீரைச் சிரட்டையால் முகந்து குடம் நிரப்பி, விடியற்காலையில் தூக்கிக்கொண்டு வருவார்களாம். அதற்கு அவர்கள் கழியைச் சுற்றிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை நான் கண்ணாலேயே அளந்து பார்த்தேன். அன்றைய பகல் முழுவதற்கும் அங்கே இருந்தவர்களுக்குச் சில குடங்கள்தான்; நிழலுக்காக ஓலைத் தடுக்கின் கீழ் புதைத்து வைத்திருந்தார்கள். “பொம்பளைப் புள்ளைக்கு மயக்கமா? எடுத்துக்கினு போ தம்பி,” என்று அவள் ஒரு குடத்தை முழுசாகத் தூக்கி என் நண்பன் தோளில் வைத்தாள். அவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். “சாயங்காலம் ஊத்து சொரக்கும்,” என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் குடும்பம் அந்நாளைய ஆசாரங்களைக் கடைப்பிடித்த குடும்பம். பெரியம்மா அன்னியர் வீட்டுத் தண்ணீர் பருகியதை நான் அதுவரையில் கண்டதில்லை. குடத்தைப் பார்த்ததும் அவள் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள், சொன்னேன். மடியில் தலைவைத்துக் கிடந்த மகளின் முகத்தைப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புகட்டினாள். பிறகு, எங்களில் யாரும் எதிர்பாராத விதமாக, தானும் ஒரு டம்ளர் முகந்து குடித்துவிட்டு, “மகராசி, அவள் குழந்தைகள் நன்றாக இருக்க வேண்டும்,” என்றாள். வீடு திரும்பிய பிறகும் அதற்காக அவள் எந்தப் பிராயச்சித்தமும் செய்துகொள்ளவில்லை. அதைப்பற்றிக் கேட்க யாருக்கும் தைரியமும் வரவில்லை. அந்த யாத்திரையில் நான் கண்ட காட்சிகளுள் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால் பெரியம்மாவின் கையில் இருந்த அந்த டம்ளரைத்தான் சொல்வேன்.

குடத்தைத் திருப்பிக் கொடுக்கப் பெரியம்மாவே கிளம்பிவிட்டாள். வெயிலில் வரப்பின்மேல் நடந்துபோய், மிச்சமிருந்த பட்சணங்களையும் மாவடு ஜாடியையும் அந்தப் பெண்மணியிடம் கொடுத்து, வெகு நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்பதை எங்களுக்குச் சொல்லவில்லை.

பிற்பகலில் அளத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை முடிந்து தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். அவர்களும் தெற்குப் பக்கத்துப் படகுக்காரர்களும் கைகொடுத்ததனால் மறு ஓதத்தில் படகு மிதந்தது. ஆனால் மிதந்தது வடக்குப் பார்த்துத்தான். தெற்கே செல்லும் தடத்தில் திட்டு இன்னும் நீளமாக இருந்தது. அந்தப் பக்கத்துப் படகுகள் சில நாட்கள் காத்திருந்து, விறகை இறக்கி, வெறும் படகைத் திட்டின்மேல் இழுத்துப் பிறகு ஏற்றிக்கொள்ளப் போவதாகச் சொன்னார்கள். நாங்கள் இறங்கிக் கடற்கரையோடு நடந்தால் மாமல்லபுரம் பன்னிரண்டு மைலுக்குக் குறையாது. பெரியம்மாவும் பெண்களும் மணலில் அவ்வளவு தூரம் நடப்பது நினைக்க முடியாத காரியம். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து கால நிர்ணயக் காகிதத்தை எடுத்துப் பார்த்து, மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். தெற்கே, கழிக்கு அப்பால், கோவளத்துத் தென்னைகள் தெரிந்தன. 1752-இல் கிளைவ் கைப்பற்றிய கோட்டை இருந்த ஊர் அது. அதற்குமேல் எங்கள் கண் போகவில்லை.

வந்தபோது அசையாமல் இருந்த தென்காற்று, திரும்பும்போது உதவிக்கு வந்தது. தண்டல் பாயை விரித்தார். கயிறிழுத்த வாலிபர்கள் இருவரும் முதல் தடவையாகப் படகில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். நிலவில் சோழிங்கநல்லூரும் துரைப்பாக்கமும் பின்னால் போயின. என் பெரியப்பா பெண்கள் அந்த இரவும் பாடினார்கள்.

மாமல்லபுரத்தைப் பிற்பாடு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அர்ஜுனன் தபசின் முன்னால் மெய்ம்மறந்து நின்றிருக்கிறேன். கால்வாய் வழியாக அங்கே போய் இறங்கும் பாக்கியம் மட்டும் கிட்டவில்லை. 1960-களின் நடுவிலும் 1976-இலும் அடித்த புயல்களில் கால்வாய் பல இடங்களில் உருக்குலைந்தது, விறகையும் உப்பையும் லாரிகள் எடுத்துக்கொண்டன, படகுகள் நின்றன. பஞ்சத்து ஜனங்கள் கையால் வெட்டிய அந்த 5 மைலில், பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்ப் படுகையிலேயே தூண்கள் எழும்பி, 1995-இல் முதல் வண்டி ஓடியது. ரயில் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆயினும் தூணுக்குத் தூண் சாக்கடை தேங்கி நிற்பதைப் பார்க்கும்போது, உயிரைக் கொடுத்து வெட்டியவர்களுடைய சொத்தை இவ்வளவு அலட்சியமாக நடத்தியிருக்க வேண்டியதில்லை என்றுதான் தோன்றுகிறது. 2008-இல் இதை நான்காவது தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த தினத்தில் பெரியப்பா உயிரோடு இல்லையே என்று வருந்தினேன். முட்டுக்காட்டில் இப்போது உல்லாசப் படகுகள் விடுகிறார்கள். குழந்தைகள் ஏறி, கழியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குகிறார்கள். நீர் இன்னும் அங்கே அழகாகத்தான் இருக்கிறது.

அடையாற்றுத் துறையில் படகு வந்து நின்றபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. பெரியப்பா பணத்தை எடுத்தார். பேசியது மாமல்லபுரத்துக்கு; கொண்டுபோய் விடவில்லை; ஆகையால் பாதிதான் வாங்குவேன் என்றார் தண்டல். வழி தூர்ந்ததற்குப் படகுக்காரர் எப்படிப் பொறுப்பாவார் என்றார் பெரியப்பா. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், பேசிய தொகை முழுவதையும் தண்டலின் துண்டில் முடிந்து கொடுத்து, கயிறிழுத்த இருவருக்கும் அதிகப்படியான ஒரு நாள் கூலியைத் தனித்தனியாக அவரவர் கையில் வைத்துவிட்டுத்தான் பெரியப்பா கரையேறினார்.

வீட்டுக்கு வந்து ஸ்நானம்கூடச் செய்யாமல் மேஜைமுன் உட்கார்ந்து, சம்பந்தப்பட்ட இலாகாவின் மேலதிகாரிக்கு நான்கு பக்கத்தில் ஒரு மனு எழுதினார். திட்டின் நீளம், அகலம், வற்றத்தில் நிற்கும் நீரின் ஆழம், தெற்கே தேங்கி நின்ற படகுகள், எத்தனை அடி ஆழத்துக்கு எந்த மாதத்தில் மணல் வாரினால் தடம் அடுத்த வருஷம் வரை தாங்கும் என்பது, எல்லாம் ஓவர்சியருடைய பாஷையில், ஒரு வார்த்தை அதிகமில்லாமல் இருந்தன. தபாலில் சேர்க்கும்படி என்னிடம் கொடுப்பதற்குமுன் பெரியம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு ஒன்று விட்டுப்போயிற்று என்றாள். கையொப்பத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மேற்குக் கரையில் நல்ல தண்ணீருக்கு ஏற்பாடு செய்துதர வேண்டும் என்று, அவள் சொல்லச் சொல்ல, பெரியப்பா மேலும் இரண்டு வரி சேர்த்து எழுதினார்.